கோணல் யாருடையது?

ரிப்பன் பக்கோடா பிழிந்திருக்கிறீர்களா? பிழிந்ததில்லை என்றாலும், தீபாவளிக்கு முந்தின வாரம் அடுப்படிப் பக்கம் போய் நின்று வேடிக்கையாவது பார்த்திருப்பீர்கள். அச்சில் நீளமாக ஒரு கீறல் இருக்கும். மாவை அழுத்தினால் பட்டையாக, நேராக இறங்கும். சில சமயம் அப்படி இறங்காது. ஒரு பக்கமாகவே சாய்ந்து வளைந்துகொண்டு வரும்.

அப்போது வீட்டுப் பெரியவர்கள் மாவைத் திட்டிக் கேட்டிருக்கிறீர்களா? திட்டமாட்டார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பாட்டியாக இருந்தால், ‘கண்ணு, அச்சுல மாவு காஞ்சு ஒட்டியிருக்குது பாரு, கழட்டிக் கழுவிட்டு வா’ என்பார். அத்தோடு விஷயம் முடிந்தது.

அதே பாட்டி, அடுத்த தெருப் பையன் 17 வயதில் செயின் பறித்து மாட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்வார்? ‘அவன் பொறப்பே அப்படி.’

கவனித்தீர்களா? பட்டை கோணினால் அச்சைப் பார்க்கிறோம். பையன் கோணினால் மாவைத் திட்டுகிறோம். இதில் எது சரி? ஒரு மனிதன் கோணிப்போனால் அது அவனுடைய கோணலா, அவனை வார்த்தெடுத்தவர்களுடைய கோணலா? பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு பையனைச் சிறைக்கு அனுப்புவதா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்பது இந்தக் கேள்விக்கு நாம் சொல்கிற பதிலில்தான் இருக்கிறது.

பதிலுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

உங்கள் வீட்டு ஜன்னலின் அலுமினியச் சட்டத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் கண்ணாடி உட்கார ஒரு பள்ளம், ரப்பர் செருக ஒரு வாய்க்கால், திருகாணி பிடிக்க ஒரு மடிப்பு என்று எத்தனை நெளிவுகள்! இதை யாரும் செதுக்கவில்லை. ரிப்பன் பக்கோடா மாதிரிதான் பிழிந்தெடுத்தார்கள். எக்ஸ்ட்ரூஷன் என்று பெயர். கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் சூலூர் தாண்டிப் போகிறவர்கள், காங்கயம்பாளையம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. 2020-ல் இன்னொன்றும் அங்கேயே தொடங்கப்பட்டது. பொதுவாக விமானங்களின் உடலுக்குள் நீளவாக்கில் ஓடும் தாங்குபட்டைகளிலும் இப்படிப் பிழிந்தெடுத்தவை உண்டு. ஜன்னலானாலும் விமானமானாலும் வித்தை ஒன்றுதான். 1797-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஈயக் குழாய் செய்வதற்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

பலர் நினைப்பதுபோல அலுமினியத்தை உருக்கி ஊற்றுவதில்லை. அது உருகுவதற்கு 660 டிகிரி வேண்டும். இங்கே 450, 500 டிகிரி வரைதான் சூடாக்குகிறார்கள். கட்டி கட்டியாகவே இருக்கும், ஆனால் இளகியிருக்கும். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சந்தகை பிழிகிறவர்களுக்குத் தெரியும்: வெந்த மாவைச் சூட்டோடு அச்சில் வைத்தால் நூல் நூலாக இறங்கும். ஆறவிட்டு அழுத்திப் பாருங்கள், கைதான் வலிக்கும். அலுமினியமும் அதே ஜாதி. சூடான உருளையை ஆயிரம், இரண்டாயிரம் டன் விசையோடு பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். முன்னால் கெட்டியான எஃகில் செய்த அச்சு. அதைத் தொழிலில் ‘டை’ என்பார்கள். டையின் ஓட்டை எந்த வடிவமோ அந்த வடிவத்தில் கம்பி கம்பியாக வெளியே வருகிறது.

வரும்போது சில சமயம் வில்லாக வளைந்து வருகிறது. சில சமயம் முறுக்குப்போலத் திருகிக்கொண்டு வருகிறது. ஏன்?

உலோகம் கெட்டுப்போனதாலா? பெரும்பாலும் இல்லை. ஓட்டை கோணலாக வெட்டப்பட்டதாலா? அதுவும் அபூர்வம். காரணம், வேகம்.

ஒரு சட்டத்தில் தடித்த பகுதியும் இருக்கும், மெல்லிய பகுதியும் இருக்கும். தடித்த இடத்தில் வழி அகலம் என்பதால் உலோகம் சுலபமாக ஓடிவந்துவிடுகிறது. மெல்லிய இடத்தில் உரசல் அதிகம், அதனால் பின்தங்குகிறது. அச்சின் நடுப்பகுதியில் வேகம் கூடுதல், ஓரத்தில் குறைவு. இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒன்று முன்னால் போகும், ஒன்று பின்னால் வரும், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே உடம்பு. பிரிந்து ஓட முடியாது. ரெட்டை மாட்டு வண்டியில் ஒரு காளை விரசலாகவும் மற்றது மெதுவாகவும் நடந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? மெதுவாக நடக்கும் காளையின் பக்கம். அலுமினியமும் அப்படித்தான், மெதுவான பக்கமாகவே வளைகிறது. வேகமும் தாமதமும் ஒரு பக்கமாக இல்லாமல் மூலைக்கு மூலை மாறி அமைந்துவிட்டால் திருகிக்கொள்கிறது.

இந்தக் கதையில் வில்லனே இல்லை, பார்த்தீர்களா? உலோகம் நல்ல உலோகம். தள்ளுகிற பிரஸ் நல்ல பிரஸ். ஒரே உடம்பின் ஒரு பகுதி ஓட, இன்னொரு பகுதி பின்தங்கிவிட்டது. கோணல் பிறப்பது அங்கேதான்.

இப்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்கு எழுந்து கோச்சிங் போகிறான். மூளை குதிரை வேகத்தில் ஓடுகிறது. ஆனால் தோற்றுப்போனால் என்ன செய்வது, ஒரு பெண் ‘இல்லை’ என்று சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது, இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பக்கம் அப்படியே நிற்கிறது. இன்னொரு பையன். அப்பா குடி. 14 வயதில் ஏதோ ஒரு பட்டறையில் எடுபிடி. சம்பாதிக்கிற கை வேகமாக வளர்ந்துவிட்டது. ஆனால் எது தப்பு, எது சரி என்று பக்கத்தில் உட்காரவைத்துப் பேச ஒருத்தருமில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே கதைதான் நடக்கிறது. பணம் உள்ள வீட்டில் ஒரு மாதிரிக் கோணல், இல்லாத வீட்டில் இன்னொரு மாதிரிக் கோணல்.

சரி, தொழிற்சாலையில் இதற்கு என்ன செய்கிறார்கள்?

டை கரெக்டர் என்று ஒருவர் இருப்பார். ஓடுகிற பிரஸ்ஸில் முதலில் எட்டிப் பார்த்த துண்டைக் கேட்டு வாங்குவார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். எந்த ஓரம் முந்தி வந்திருக்கிறது, எந்த ஓரம் இழுபட்டு வந்திருக்கிறது என்று அந்தத் துண்டே அவருக்குச் சொல்லிவிடும். பிறகு டையைக் கழற்றி, அரம் எடுத்து, ஓட்டைக்குள் ஓரிடத்தில் லேசாகத் தேய்ப்பார். அந்த இடத்துக்கு ‘பேரிங்’ என்று பெயர். மோட்டாருக்குள் சுற்றுகிற பேரிங் வேறு, இது வேறு. டையின் ஓட்டைக்குள் உலோகம் உரசிக்கொண்டு வருகிற சில மில்லிமீட்டர் நீளமுள்ள சுவர் இது. சுவர் நீளமாக இருந்தால் உரசல் அதிகம், வேகம் குறையும். குட்டையாக இருந்தால் வேகம் கூடும்.

அதனால் நல்ல டையில் தடித்த பகுதிக்கு நீளமான சுவர் வைப்பார்கள், மெல்லிய பகுதிக்குக் குட்டையான சுவர். ஓடக்கூடியவனுக்குக் கொஞ்சம் தடை, தடுமாறுகிறவனுக்குத் தடை குறைவு. எல்லாருக்கும் ஒரே நீளம் என்று ‘நியாயமாக’ சுவர் வைத்தால் அன்றைக்கு வருகிற அத்தனை கம்பியும் கோணல்தான். சமமாக வெளியே வரவேண்டுமானால் உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரி வழிவிடக் கூடாது. ‘எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதுதானே சார் நியாயம்?’ என்று கேட்கிறவர்களிடம் இந்த டையைக் காட்டலாம்.

நம் ஊரில் இது நடந்திருக்கிறது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்கில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசித்த பிள்ளைக்கும் பசிக்காத பிள்ளைக்கும் பாடம் ஒன்றுதான், பரீட்சை ஒன்றுதான். ஆனால் பசி என்கிற சுவர் ஒரு பிள்ளைக்கு மட்டும் ரொம்ப நீளமாக இருந்தது. அதை அரம்போட்டுத் தேய்த்தார்கள். ‘படிக்கிற புத்தி இல்லாத பசங்க’ என்று உலோகத்தைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும், வரவேண்டும். ‘அப்படின்னா தப்பு செஞ்சவனுக்குத் தண்டனையே வேண்டாமா? எல்லாத்தையும் அச்சு மேல போட்டுட்டு அவன் பாட்டுக்குப் போயிடலாமா?’

முடியாது. செயினைப் பறிகொடுத்து, கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற அம்மாவிடம் போய், ‘பாவங்க, அவன் வளர்ந்த விதம் அப்படி’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த அம்மா ஒன்றும் பதில் சொல்லமாட்டார். அந்த மௌனத்துக்கு நம்மிடமும் பதில் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே வறுமை. அண்ணன் கத்தி எடுத்தான், தம்பி மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறான். இப்படி ஒரு வீட்டையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சு ஒன்றுதானே? இங்கேதான் மனிதனும் அலுமினியமும் பிரிகிற இடம். தான் கோணிக்கொண்டிருக்கிறோம் என்று கம்பிக்குத் தெரியாது. மனிதனுக்கு ஏதாவது ஒரு ராத்திரியில் தெரியும். தெரிந்த பிறகும் அப்படியே போவதா, திரும்புவதா என்பதில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டு ‘நீ வெறும் அச்சுவார்ப்பு’ என்று சொன்னால், அது கருணை மாதிரித் தெரியும். உண்மையில் அவனை மனிதக் கணக்கிலிருந்தே நீக்குகிற வேலை அது.

சட்டமும் இந்த இடத்தில்தான் தவித்துக்கொண்டிருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாகாணம் நம்முடைய சென்னை மாகாணம், 1920-ல். அதே மதியச் சோற்று வருடம்! தப்பு செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைக்கக்கூடாது என்கிற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. பிறகு 2000-ல் வந்த மத்தியச் சட்டம் 18 வயது வரை எல்லாரையும் சிறாராகவே பார்த்தது. 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்தில் 18 நிரம்பாத ஒருவனும் இருந்தான். நாடு கொதித்தது. 2015-ல் சட்டம் மாறியது. மிகக் கொடிய குற்றம் செய்த 16 முதல் 18 வயது வரையிலானவர்களைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாம். ஆனால் அதற்கு முன் சிறார் நீதிக் குழுமம் சில கேள்விகளைப் பார்க்கவேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் அவனுக்கு இருந்ததா? விளைவு அவனுக்குப் புரிந்திருந்ததா? எந்தச் சூழ்நிலையில் செய்தான்?

பாருங்கள், முதல் இரண்டு கேள்வியும் மாவைப் பற்றியவை. மூன்றாவது அச்சைப் பற்றியது. சட்டம்கூட ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்கவில்லை.

நாம்தான் கட்சி பிரிந்து நிற்கிறோம். ஒரு கட்சி ‘தூக்குல போடு’ என்கிறது. இன்னொரு கட்சி ‘சமூகம்தான் குற்றவாளி’ என்கிறது. எக்ஸ்ட்ரூஷன் பட்டறையில் போய் இப்படிச் சண்டை போட்டால் சிரிப்பார்கள். கோணிய கம்பியை ‘பாவம், அச்சு சரியில்லை’ என்று அப்படியே ஜன்னலில் மாட்டுவதில்லை. அதை நிமிர்த்துகிறார்கள். நிமிர்த்தியாயிற்று என்று டையை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. அதைத் தேய்க்கிறார்கள். கம்பியை மட்டும் நிமிர்த்திக்கொண்டிருந்தால் அடுத்த கம்பியும் கோணலாகத்தான் வரும். ஆயுசு முழுக்க நிமிர்த்திக்கொண்டே இருக்கலாம். டையை மட்டும் சரிசெய்தால் ஏற்கெனவே கோணியது கோணியபடி கிடக்கும். கோணலுக்குக் காரணம் சொல்வது வேறு, மன்னிப்புக் கொடுப்பது வேறு. இரண்டு பொறுப்பு இருக்கிறது. இரண்டும் இரண்டு வேறு ஆட்களுடையது. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போவதில்லை.

எப்படி நிமிர்த்துகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். சுத்தியலால் அடித்து அல்ல. ஸ்ட்ரெச்சர் என்றொரு இயந்திரம். கம்பியின் இரண்டு முனையையும் கெட்டியாகப் பிடித்து, திருகல் இருந்தால் எதிர்ப்பக்கம் திருப்பி, இழுக்கிறது. எவ்வளவு? சுமார் 1 சதவீதம். 30 மீட்டர் கம்பி என்றால் 30 சென்டிமீட்டர் நீளும். அதற்கும் ரொம்பக் குறைவாக இழுத்தால் விட்டவுடன் பழையபடி வளைந்துகொள்ளும். அதிகமாக இழுத்தால் இளைத்துப்போகும், அறுந்தும் போகலாம். முனைகளில் பிடித்த தடம் அழுந்தியிருக்கும். அந்தத் துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கம்பியை அனுப்புவார்கள். பிடித்தவன் கைத்தடம் ஆயுசுக்கும் அதன்மேல் இருக்கவேண்டியதில்லை. நாமோ திருந்திவந்த பையனைப் பத்து வருஷம் கழித்தும் ‘ஜெயில்ல இருந்தவன்’ என்றுதான் அறிமுகம் செய்கிறோம்.

இதைவிட முக்கியமானது நேரம். பிழிந்து, நிமிர்த்தி முடித்த பிறகுதான் கம்பி ஒரு அடுப்புக்குள் போகிறது. சுமார் 175 டிகிரியில் பல மணி நேரம். அலுமினியத்தில் கலந்திருக்கும் மெக்னீசியமும் சிலிக்கானும் உள்ளுக்குள் சேர்ந்து உலோகத்தை இறுக்குகின்றன. இதற்குத் தொழிலில் ‘ஏஜிங்’ என்றே பெயர். வயதாக்குதல்! வயதான பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் ஆட்கள் கேட்டது இதைத்தான். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் நல்லொழுக்கம் பற்றிப் பேசும்போது, வளைந்த மரத்தை எதிர்ப்பக்கம் இழுத்து நிமிர்த்துகிறவர்களைத்தான் உதாரணம் காட்டினார். 16 வயதுப் பையன் விஷயத்தில் நாம் ஏன் இத்தனை யோசிக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அவன் இன்னும் அடுப்புக்குள் போகவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எல்லாக் கோணலும் கோணல் இல்லை.

அதே சூலூரில் நூற்பாலைகள் இருக்கின்றன. அங்கே முறுக்கு ஏறினால்தான் பஞ்சு நூலாகும். முறுக்கு இல்லையென்றால் இழுத்த இழுப்பில் பிரிந்துபோகும். ஜன்னல் சட்டத்துக்குக் குற்றமாக இருக்கிற திருகல், நூலுக்கு உயிர். டி.எம்.டி. கம்பிகள் பரவுவதற்கு முன்னால் கட்டடங்களுக்குப் போட்ட இரும்பை நினைவிருக்கிறதா? பெயரே முறுக்குக் கம்பி. வேண்டுமென்றே முறுக்கி வலுவேற்றினார்கள். வள்ளுவரும் இதைப் பார்த்திருக்கிறார். நேராக இருக்கிற அம்பு கொல்லும், வளைந்த கழுத்துள்ள யாழ் இனிமை தரும், அதனால் உருவத்தைப் பார்க்காதே, செய்கையைப் பார் என்பது அவர் கணக்கு.

இடதுகையால் எழுதுகிற பிள்ளையின் விரலில் ஸ்கேலால் அடித்து ‘நிமிர்த்திய’ காலம் உண்டு. இன்ஜினீயரிங் வேண்டாம், சமையல் படிக்கிறேன் என்கிற பையனை, கல்யாணத்துக்கு இப்போது அவசரமில்லை என்கிற பெண்ணைச் சில வீடுகளில் இன்றைக்கும் ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறார்கள். அவர்களால் யாருக்காவது காயமா என்று முதலில் பாருங்கள். காயமில்லை என்றால் அது கோணல் இல்லை, நூலின் முறுக்கு. விட்டுவிடுங்கள்.

காயம் இருக்கிறது என்றால் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. ‘இவனை எப்படி நிமிர்த்துவது?’ என்பதை எல்லாரும் கேட்கிறோம். ‘இவனுக்குள் எது ஓடிவந்துவிட்டது, எது பின்தங்கிவிட்டது, அதற்கு நான் என்ன செய்தேன்?’ என்பதையும் கூடவே கேளுங்கள். அப்பாவாக, அம்மாவாக, வாத்தியாராக, முதலாளியாக நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு அச்சு. புது டையை முதல்முறை ஓட்டிப்பார்க்கும்போதே கம்பி நேராக வந்துவிடும் என்று எந்தப் பட்டறையிலும் எதிர்பார்ப்பதில்லை. வராவிட்டால் டையைக் கழற்றி மேசைமேல் வைப்பார்கள். அதில் டைக்கு ஒரு அவமானமும் கிடையாது. நமக்கு மட்டும் ஏன்?